ரோட் பைக் வீல் எது வாங்குறது? ரேஸ், ஆபீஸ், லாங் ரைடு: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

எங்க சைக்கிள் குரூப்ல யாராவது புதுசா ரோட் பைக், அதாவது மெல்லிசு டயர் வச்ச வேக சைக்கிள், வாங்கி கொஞ்ச நாள் ஓட்டிட்டா அடுத்து வர்ற கேள்வி வீலைப் பத்திதான். ஒரே பதிலை வாய்ஸ் நோட்டா அனுப்பி அனுப்பி அலுத்துப்போச்சு, அதனால அவங்கவங்க கேட்ட மாதிரியே கேள்வியை வச்சு இங்க எழுதிட்டேன். மேல இருந்து வரிசையா படிங்க, பின்னாடி வர்ற பதில் நெறைய முன்னாடி சொன்னதை நம்பித்தான் இருக்கு.

வீல்செட்னு விக்கிறாங்களே, அதுல என்னென்ன வரும்? டயர் சேர்த்தா?

ரெண்டு ரிம் (வெளி வளையம்), ரெண்டு ஹப் (நடு அச்சுப் பாகம்), ஸ்போக்ஸ், ஸ்போக்ஸை ரிம்ல முடுக்குற நிப்பிள், இவ்ளோதான். டயர், ட்யூப், கேசட் (பின் வீல் பல்சக்கர அடுக்கு), டிஸ்க் பிரேக் பைக்னா ரோட்டர் (பிரேக் வட்டு) எல்லாம் தனிக் காசு. வீல் விலை கையில இருக்குற பட்ஜெட்டுக்குள்ள வந்துடுச்சேன்னு ஆர்டர் போட்டுட்டு அப்புறம் கேசட்டுக்கு முழிக்கிறவங்க நெறைய பேர்.

700சி-ன்னு போட்டிருந்தா என் பைக்குக்கு சேர்ந்துடும்ல?

டயர் சைஸ் சேரும், அதுக்காக வீல் சேரும்னு சொல்ல முடியாது. 700சி-ன்னா ரிம்ல டயர் உக்கார்ற எடத்தோட விட்டம் 622 மி.மீ. ஹைபிரிட்டும் அதேதான், 29 இன்ச் எம்டிபியும் (மவுண்டன் பைக்) அதே 622தான். ஆனா 28 இன்ச்னு சொல்ற பழைய கறுப்பு சைக்கிள் 635, அந்த டயர் இதுல நிக்காது.

அடுத்து பிரேக்கும் ஆக்சிலும். ரிம் பிரேக் (ரப்பர் கட்டை ரிம்மையே பிடிக்கிற பிரேக்) ரோட் பைக்னா லீவரைத் திருப்பி வீலைக் கழட்டுற க்விக் ரிலீஸ், ஹப் அகலம் முன்னாடி 100, பின்னாடி 130 மி.மீ. இப்ப வர்ற டிஸ்க் பைக் பெரும்பாலும் 12 மி.மீ. த்ரூ ஆக்சில் (ஃப்ரேம்ல திருகி மாட்டுற கனமான அச்சு), முன்னாடி 100, பின்னாடி 142. நடுவுல கொஞ்ச வருஷம் வந்த டிஸ்க் பைக்குல பின்னாடி 135 க்விக் ரிலீஸ் இருக்கும், அதை வச்சிருக்கவங்க வாங்குறதுக்கு முன்னாடி ஸ்கேல் வச்சு ஒரு தடவை அளந்துடுங்க. ரோட்டர் ஹப்ல மாட்டுற முறை சென்டர்லாக்கா (நடுவுல ஒரே வளையம்) ஆறு போல்ட்டான்னும் பாருங்க. சென்டர்லாக் ஹப்னா அடாப்டர் போட்டு ஆறு போல்ட் ரோட்டரையும் மாட்டிக்கலாம், தலைகீழா நடக்காது.

என் பழைய 8 ஸ்பீடு கேசட் 11 ஸ்பீடு ஹப்ல ஏறுமா ப்ரோ?

ஷிமானோன்னா ஏறும், 1.85 மி.மீ. ஸ்பேசர் ஒண்ணு முதல்ல போட்டுட்டு கேசட்டை ஏத்தணும், இல்லன்னா லாக் ரிங் முடுக்கின பிறகும் கேசட் ஆடிக்கிட்டே இருக்கும். 9 ஸ்பீடுக்கும் இதே கதைதான், 10 ஸ்பீடு கேசட் பலதுக்கு கூடவே 1 மி.மீ. ஸ்பேசரும் வேணும். ஷிமானோ 12 ஸ்பீடு ரோட் கேசட் 11 ஸ்பீடு பாடியிலேயே (ஹப்ல கேசட் உக்கார்ற பாகம்) ஏறும். ஸ்ராம் 12 ஸ்பீடுன்னா பொதுவா எக்ஸ்டிஆர் (XDR)னு தனி பாடி வேணும், ஆர்டர் போடும்போதே கேட்டு வாங்குங்க.

விலை கம்மியான 7 ஸ்பீடு பைக் சிலதுல கேசட்டே இருக்காது, மொத்தப் பல்சக்கரமும் மரை போட்டு ஹப்ல திருகியிருக்கும், அது ஃப்ரீவீல். அதை கழட்டி புது வீல்ல போட வழியே இல்ல, கேசட்டும் சேர்த்துத்தான் வாங்கணும்.

முதல்ல வீல் மாத்தவா, டயர் மாத்தவா?

டயர். இதுல எனக்கு சந்தேகமே கெடையாது. பைக்கோட வர்ற தடிச்ச டயரை எடுத்துட்டு கான்டினென்டல் ஜிபி 5000 மாதிரி நல்ல டயர் ஒரு ஜோடி போட்டா முதல் கிலோமீட்டர்லயே தெரியும், சாதாரண வீல்ல இருந்து விலை கூடின வீலுக்கு மாறினா அந்த வித்தியாசத்தை வாட்ச்சைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். விலையும் வீல் விலைல சின்னப் பங்குதான். டயர் மாத்தியாச்சு, காத்து சரியா வைக்கிறேன், இன்னும் ஏதாவது பண்ணணும்னா வாங்க வீல் பேசலாம்.

காத்துன்னு சொன்னேன்ல, 120 பிஎஸ்ஐ வச்சாத்தான் வேகம்னு நெனைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. நம்ம ரோட்ல அவ்ளோ கல்லு மாதிரி வச்சா டயர் உருளாது, குதிக்கும், ஒவ்வொரு குதிப்புலயும் நீங்க போட்ட பலம் வீணா போகும். 70 கிலோ ஆளு 28 மி.மீ. அகல டயர் ட்யூபோட ஓட்டுறார்னா 70 பிஎஸ்ஐ பக்கத்துல ஆரம்பிச்சு, முன்னாடி கொஞ்சம் கம்மியா வச்சு, பாத்து பாத்து ஏத்தி எறக்கிக்கலாம்.

வெயிட் கம்மியான வீல் நல்லதா, ஏரோ வீல் நல்லதா? மலை ஏறுறதுக்கு லைட்டா இருக்கணும்னு சொல்றாங்களே

கணக்கு போட்டே பாத்துடலாம். பைக்கோட வர்ற அலாய் (அலுமினிய) வீல் ரெண்டும் சேர்த்து 1,900 கிராம், நீங்க வாங்கப் போறது 1,500 கிராம்னு வைங்க. 400 கிராம் மிச்சம். நீங்க, பைக், தண்ணி எல்லாம் சேர்த்து 80 கிலோன்னா அது 0.5 சதவீதம். ஏற்காடு ஏற உங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகுதுன்னா அதிகபட்சம் 18 செகண்ட் மிச்சமாகும். கீழ டீக்கடையில ஒரு பாட்டில் தண்ணியை கொட்டிட்டு ஏறினா இதைவிட ஜாஸ்தி மிச்சம்.

சுத்துற வெயிட்டு ரெண்டு மடங்குக்கு சமம்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்வாரு. அது வேகம் எடுக்கும்போது மட்டும்தான், அதுவும் ரிம்லயும் டயர்லயும் இருக்கிற வெயிட்டுக்குத்தான். ஒரே சீரா ஏறும்போது 400 கிராம் வீல்ல இருந்தா என்ன, தொப்பையில இருந்தா என்ன, ஒண்ணுதான். திருப்பத்துக்கு திருப்பம் ஸ்பிரிண்ட் அடிக்கிற கிரிட்டீரியம் ரேஸ்ல லைட் ரிம் கொஞ்சம் உதவும், அங்கயும் கால்ல கலகலன்னு தெரியுற அளவுக்கு வாட்ச்சுல தெரியாது.

சமரோட்ல காத்துதான் எதிரி. 30 கி.மீ. வேகத்துக்கு மேல உங்க பலத்துல பெரும்பங்கு காத்தைத் தள்ளத்தான் போகுது, வேகம் ஏற ஏற அதுக்கான பலம் வேகத்தோட கனத்துல ஏறும், அதாவது வேகம் ரெண்டு மடங்குன்னா பலம் எட்டு மடங்கு. அதனாலதான் ப்ரோ ரைடர்ஸ் மலை ஸ்டேஜ்லயே டீப் ரிம், அதாவது காத்தை ஈசியா கிழிக்கிற உயரம் கூடின ஏரோ ரிம், போட்டு வர்றாங்க. உலக சைக்கிள் அமைப்பான யூசிஐ 2000ல இருந்து பைக் 6.8 கிலோவுக்குக் கீழ போகக் கூடாதுன்னு வச்சிருக்கு, வெயிட்டை அதுக்கு மேல கொறைக்க முடியாதுன்னா மிச்சம் இருக்கிறது காத்துதானே. ஆனா ஒண்ணு, அந்தக் காத்தைப் பெருசா தடுக்கிறது வீல் இல்ல, உங்க உடம்பு. நிமிந்து உக்காந்துக்கிட்டு 60 மி.மீ. ரிம் போட்டு ஓட்டுறது சும்மா படம் காட்டுறதுக்குத்தான் ஆகும்.

35, 50, 60, 80 மி.மீ.ன்னு இருக்கே, எந்த டெப்த் (ரிம் உயரம்)? டீப் போட்டா காத்துல தூக்கிடுமாமே?

தூக்காது, ஹேண்டிலைப் பிடிச்சு இழுக்கும். பக்கவாட்டுக் காத்து முன் வீல்ல படும்போதுதான் பிரச்சனை, ஏன்னா அது ஸ்டியரிங்கோட சேர்ந்து திரும்புது. பின் வீல்ல பட்டா பைக் மொத்தமா லேசா சாயும், சமாளிச்சிடலாம். சீரா அடிக்கிற காத்துகூட பழகிடும். ஈசிஆர்ல மத்தியானம் கடக்காத்து எறங்கினதும் ஓட்டிப் பாருங்க, பக்கத்துல பஸ் கடக்கும்போது காத்து மறைஞ்சு, பஸ் போனதும் பட்டுனு திரும்ப அடிக்கும் பாருங்க, அந்த எடம்தான் ஆபத்து. விடிகாலைல கெளம்பி ஒன்பது மணிக்குள்ள வீடு வந்துடுறவங்களுக்கு இந்தத் தொல்லை ரொம்ப இல்ல.

திருநெல்வேலில இருந்து நாகர்கோவில் போற வழில ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காத்தாலையா நட்டு வச்சிருக்கிறதுக்குக் காரணம் இருக்கு. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கணவாய்க்குள்ள புகுந்து வர்ற காத்துல அங்க 50 மி.மீ. முன் வீல்கூட எனக்கு வேணாம். 55 கிலோ ஆளா இருந்தா எங்க ஓட்டினாலும் முன்னாடி 35 - 40, பின்னாடி 50ன்னு வச்சுக்கலாம், தப்பே இல்ல. ஹவாயில கோனா ஐயன்மேன்ல (நீச்சல், சைக்கிள், ஓட்டம் சேர்ந்த ரேஸ்) பின்னாடி முழு டிஸ்க் வீலுக்கே, அதாவது ஸ்போக் தெரியாம முழுசா மூடின வீலுக்கே, பல வருஷம் தடை இருந்துச்சு, அதுவும் இந்தக் காத்தாலதான். பொதுவா ஒண்ணு சொல்லணும்னா ரேஸுக்கு 45 - 50, 80 எல்லாம் தனியா நேரத்தோட போட்டி போடுற டைம் ட்ரையல் ஆளுங்களுக்கு விட்டுடுங்க.

கார்பன் நம்ம ஊரு பள்ளத்துக்குத் தாங்குமா?

நல்ல கார்பன் ரிம் நெனைக்கிறதைவிட தாங்கும். அலாய் அடி வாங்கினா நெளியும், நெளிஞ்சதை ஓரளவு தட்டி வீடு வந்து சேரலாம். கார்பன் நெளியாது, தாங்கும் தாங்கும், எல்லை தாண்டினா விரிசல் விடும், அதோட அந்த ரிம் கதை முடிஞ்சுது. ரெண்டையுமே காப்பாத்துறது டயர்தான். 23 டயர்ல காத்து கம்மியா வச்சு பள்ளத்துல எறக்கினா எந்த ரிம்மும் அடி வாங்கும், 28 இல்ல 30 போட்டா பாதி பயம் போயிடும்.

ஆனா ரிம் பிரேக் பைக்குக்கு கார்பன் வேணாம்னு நான் தலையால அடிச்சுச் சொல்வேன். கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவு, எறங்கும்போது விரல் லீவரை விட்டு எழவே எழாது. அலாய் ரிம் சூட்டை வேகமா வெளிய விட்டுடும், கார்பன் விடாது, உள்ள இருக்கிற ரெசின் இளகி பிரேக் தேயுற சுவரே உப்பிக்கும், ட்யூப் வெடிக்கிறதும் உண்டு. மழை வந்தா பிரேக் பிடிக்கிறது இன்னும் மோசம். ரேஸுக்குன்னே வச்சிருக்கேன்னு சொல்றவங்க அந்த ரிம்முக்குன்னு சொல்லியிருக்கிற கார்பன் பிரேக் கட்டையை மட்டும்தான் போடணும். அலாய்ல தேஞ்ச கட்டையை அப்படியே மாட்டினா அதுல பொதிஞ்ச அலுமினியத் துணுக்கு கார்பனை அரம் மாதிரி ராவிடும். டிஸ்க் பைக்குக்கு இந்தக் கவலை ஒண்ணும் கெடையாது.

தெனமும் ஆபீஸ், போக வர 30 கிலோமீட்டர். எது வாங்கட்டும்?

சாதா அலாய், முன்னாடி 28, பின்னாடி 32 ஸ்போக், 28ல இருந்து 32 மி.மீ. வரைக்கும் உங்க ஃப்ரேம்ல எது எடம் கொள்ளுமோ அந்த டயர். பித்தளை நிப்பிள் கேட்டு வாங்குங்க. அலுமினிய நிப்பிள் சில கிராம் மிச்சம் பிடிக்கும், கடலோரக் காத்துலயும் மழைத்தண்ணிலயும் கெடந்து கொஞ்ச நாள்ல வெள்ளையா பூத்து ரிம்மோட ஒட்டிக்கும், கோட்டம் எடுக்க ஸ்போக் சாவியைப் போட்டா முனை மழுங்கிடும், அப்புறம் அந்த ஸ்போக்கை வெட்டித்தான் எடுக்கணும். ஹப் முழுக மழைத்தண்ணில ஓட்டினா அந்த வாரமே பேரிங்கைக் காட்டுங்க, சத்தம் வரட்டும்னு காத்திருந்தா பேரிங் மட்டும் இல்ல, சில ஹப்ல உள் கிண்ணமும் சேர்ந்து போயிடும்.

ரிம் பிரேக்னா இன்னொண்ணு. மண்ணும் தண்ணியும் சேர்ந்த சேறு ஒவ்வொரு பிரேக்குலயும் ரிம்மைத் தேய்க்கும். ரிம் சுவர்ல மெல்லிசா ஒரு கோடோ சின்னக் குழியோ இருக்கும், அது மறைஞ்சுட்டா இல்ல விரலால தடவும்போது சுவர் உள்வாங்கி குழிஞ்சிருந்தா ரிம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். ஆபீஸ் பைக்குக்கு விலை கூடின வீல் வேணாம்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம், பார்க்கிங்ல க்விக் ரிலீஸைத் தட்டி முன் வீலை மட்டும் தூக்கிட்டுப் போற புண்ணியவான்கள் இன்னொரு காரணம்.

பஞ்சர் கடையில என் வீலுக்கு காத்து அடிக்க மாட்டேங்கிறாங்க, ரிம் ஓட்டையை பெருசாக்கி டூவீலர் மாதிரி வால்வு உள்ள ட்யூப் போடட்டுமான்னு கேக்குறாரு கடை அண்ணன்

போட வேணாம்! உங்களுது பிரெஸ்டா வால்வு (ஒல்லி வால்வு), ஓட்டை 6.5 மி.மீ. அவர்கிட்ட இருக்கிற கம்ப்ரஸர் முனை டூவீலர் வால்வுக்கு, அதுக்கு 8.5 மி.மீ. வேணும். ஒல்லியான ரிம்ல துளையைப் பெருசாக்கினா அந்த எடம் பலவீனமாகும், கார்பன்ல பண்ணினா ரிம்மே போச்சு. பிரெஸ்டா அடாப்டர்னு சின்ன பித்தளைக் குமிழ் விக்குது, ரெண்டு வாங்கி சேடில் பேக்ல போட்டு வைங்க. வால்வு நுனி திருகைத் தளர்த்திட்டு அடாப்டரை மாட்டி அண்ணன்கிட்ட கொடுத்தா அடிச்சுக் கொடுத்துடுவாரு. ஒரே அமுக்கா அமுக்க விடாதீங்க, நம்ம டயருக்குள்ள கொள்ளுற காத்து ரொம்பக் கொஞ்சம், கண் சிமிட்டுறதுக்குள்ள ஏறிடும், விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்க.

டீப் ரிம்காரங்களுக்கு: 50 மி.மீ. ரிம்முக்கு 48 மி.மீ. வால்வு வெளியவே வராது. 80 மி.மீ. வால்வு ட்யூப் இல்லன்னா எக்ஸ்டெண்டர். ஸ்பேர் ட்யூபும் அதே நீளம் இருக்கான்னு பாத்துக்கோங்க, கடன் வாங்குற ட்யூப் சேராது.

200, 300 பிஆர்எம் போறேன், அடுத்து 600. டீப் ரிம் உதவுமா?

பிஆர்எம்னா குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்க வேண்டிய லாங் ரைடு, ரேஸ் இல்ல. 200 கி.மீ.க்கு பதிமூணரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40 மணி நேரம் கொடுக்கிறாங்க. நிக்கிறது சாப்பிடுறது எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கி.மீ. வந்தா போதும். டைம் போறது காத்துல இல்ல, கடையிலயும் பஞ்சர்லயும் தூக்கத்துலயும்தான் போகுது. ராத்திரி ரெண்டு மணிக்கு உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு ஸ்போக் உடைஞ்சா அங்க என்ன கெடைக்கும்னு யோசிச்சு வீல் வாங்குங்க. என் ஓட்டு 30 மி.மீ. பக்கத்துல டெப்த் உள்ள அலாய், வளைஞ்ச கழுத்து உள்ள சாதாரண வட்ட ஸ்போக், 28 - 32 டயர். அந்த வீலுக்குன்னே அளவெடுத்த ஸ்போக் மூணு நாலை சீட் போஸ்ட்ல டேப் போட்டு ஒட்டிட்டுப் போங்க. பிளேடு மாதிரி தட்டையான, கழுத்தில்லாத விசேஷ ஸ்போக் எல்லாம் பெரிய ஊர்லயே தேடணும்.

காசு மிச்சம் இருந்தா அதை ரிம்ல போடாம டைனமோ ஹப்ல போடுங்க. 6 வோல்ட், 3 வாட் வரும், லைட் எரியும், பகல்ல போனும் சார்ஜ் ஆகும். 2027 பாரிஸ் - பிரெஸ்ட் - பாரிஸ் கனவு இருக்கவங்களுக்கு, 1,200 கி.மீ. 90 மணி நேரம், மூணு ராத்திரி பவர் பேங்க் கணக்கு பாக்குற வேலை இல்லாம போறது பெரிய நிம்மதி.

நான் 95 கிலோ. எத்தனை ஸ்போக் வேணும்? பின் வீல்ல அடிக்கடி ஒடையுதே

முதல்ல கம்பெனி சொல்ற எடை எல்லையைப் பாருங்க, பெரும்பாலும் ஆளு, பைக், மூட்டை எல்லாம் சேர்த்த மொத்தம் அது. 110ன்னு போட்டிருந்தா உங்களுக்கு விளிம்புல நிக்குது. முன்னாடி 28, பின்னாடி 32 எடுத்துக்கோங்க. பால்காரர், கேஸ்காரர் ஓட்டுற கறுப்பு சைக்கிள்ல முன்னாடி 32, பின்னாடி 40 இருக்கும், பாரத்துக்கு ஸ்போக்தான் பதில்னு அப்பவே தெரிஞ்சிருக்கு.

ஒடையுறது ஏன்னா, பெரும்பாலும் இழுவிசை ஒரே மாதிரி இல்லாததுதான். தளர்ந்து இருக்கிற ஸ்போக் ஒவ்வொரு சுத்துலயும் தளர்ந்து இறுகி தளர்ந்து இறுகி, ஹப் பக்கம் கழுத்து வளைவுல அசந்து போய் ஒடையும். ஒடைஞ்ச ஒண்ணை மட்டும் மாத்திட்டு வந்தா அடுத்த மாசம் பக்கத்துல ஒண்ணு போகும். கோட்டம் எடுக்கத் தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட கொடுத்து மொத்த ஸ்போக்கையும் சமமா இறுக்கச் சொல்லுங்க, புது வீலா இருந்தாலும் கொஞ்சம் ஓடின பிறகு ஒரு தடவை காட்டுங்க. வழியில ஒடைஞ்சா அந்தக் கம்பியைப் பக்கத்து ஸ்போக்ல சுத்தி விட்டு, ரிம் பிரேக்னா பிரேக்கை அகலமா திறந்து விட்டு மெதுவா வாங்க. 32ல ஒண்ணு போனா வீடு வந்துடலாம், 20ல ஒண்ணு போனா ரிம் ஃப்ரேம்ல உரசி நிக்கும்.

சீமைக் கருவேல முள்ளு தொல்லை தாங்கல. ட்யூப்லெஸ் போடவா?

ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் ஓட்டுறவங்களுக்குக் கண்டிப்பா போடுங்கன்னுதான் சொல்வேன். முள்ளு குத்தின சின்ன ஓட்டையை சீலன்ட் (டயருக்குள்ள ஊத்துற திரவம்) உடனே அடைச்சிடும், பல நேரம் குத்தினதே தெரியாது. நம்ம வெயில்ல சீலன்ட் ரெண்டு மூணு மாசத்துல காஞ்சிடும், ஊத்த மறந்தா ட்யூப்லெஸ்னு பேருக்குத்தான் இருக்கும்.

பெரிய வெட்டு விழுந்து வழியில ட்யூப் போடுற நெலமை வந்தா ஒரு விஷயம். சீலன்ட் அடைச்ச பழைய முள்ளு எல்லாம் முனை உள்பக்கம் நீட்டிக்கிட்டு டயர்லயே இருக்கும். கைக்குட்டையை வச்சு உள்ள சுத்தித் தடவி ஒவ்வொண்ணா புடுங்கிட்டுத்தான் ட்யூபை வைக்கணும், இல்லன்னா காத்து அடிச்ச அஞ்சு நிமிஷத்துல திரும்பவும் பஞ்சர்.

ஹூக்லெஸ் ரிம்னு போட்டிருக்கு, வாங்கலாமா? 28 டயர் போட்டா 30 காட்டுதாமே?

ஹூக்லெஸ்ல டயர் விளிம்பைப் பிடிக்கிற கொக்கி இருக்காது. அதனால காத்து 5 பார், அதாவது 72 பிஎஸ்ஐ தாண்டக் கூடாது, டயரும் ஹூக்லெஸ்க்கு ஒத்ததுன்னு எழுதியிருக்கணும். மேல சொன்ன 95 கிலோ ஆளு ஹூக்லெஸ்ல 25 போட நெனைக்கவே கூடாது. பஞ்சர் கடை கம்ப்ரஸர்ல அடிக்கிறவங்களுக்கும் வேணாம், அங்க 72ல நிக்கும்னு யார் கேரண்டி. எனக்கு விருப்பம் கொக்கி உள்ள ரிம்தான், எந்த டயரும் போடலாம்.

அளவு கூடுறது நெசம்தான். ரிம்மோட உள் அகலம் முன்ன 15 மி.மீ. இருந்துச்சு, இப்ப 21, 23ன்னு போகுது, ரிம் விரிய டயரும் விரியும். அதனால ஃப்ரேம்ல 28 வரைக்கும்தான் எடம்னா அகல ரிம்ல 28 உரசலாம், 25ல்தான் நிக்கணும். ஏரோவுக்கு ரிம்மோட வெளி அகலம் டயரைவிட 5 சதவீதமாவது கூட இருக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு. காசு போட்டு டீப் ரிம் வாங்கிட்டு அதுல அகல டயர் போட்டு பிதுங்க விட்டா வாங்கின பலன்ல ஒரு பங்கு போயிடும்.

ஒரே வீல்செட்ல ரேஸ், ஆபீஸ், பிஆர்எம் மூணும் ஓட்ட முடியாதா அண்ணா? ரெண்டு வாங்க வசதி இல்ல

முடியும், முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் சரி. 30ல இருந்து 35 மி.மீ. அலாய், உள் அகலம் 19 - 21, முன்னாடி 24, பின்னாடி 28 ஸ்போக், கொக்கி உள்ளது. டயர் மட்டும் ரெண்டு செட்: ரேஸ் வாரத்துக்கு மெல்லிசு, மத்த நாளைக்கு தடிச்சது. ரெண்டாவது செட் வாங்குற காலம் வந்தா இதை ஆபீஸுக்கும் லாங் ரைடுக்கும் ஒதுக்கிட்டு ரேஸுக்கு 50 வாங்கிக்கலாம். மாத்தி மாத்திப் போடுறவங்க ரெண்டுலயும் ஒரே பல் எண்ணிக்கை கேசட் போடுங்க, டிஸ்க் உரசினா ரோட்டருக்கு அடியில மெல்லிசு ஷிம் (தகடு வளையம்) வச்சு ரெண்டு ஹப்பையும் ஒரே எடத்துக்குக் கொண்டு வந்துடலாம்.

செகண்ட் ஹேண்ட்ல கார்பன் வீல் பாதி விலைக்கு வருது, என்ன பாக்கணும்?

டயரைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. மாட்டேன்னா வந்துடுங்க. டயர் உக்கார்ற விளிம்புல நகத்தால தடவிட்டே ஒரு சுத்து வாங்க, பிசிறு தட்டினா அடி வாங்கின எடம். ஸ்போக் துளையைச் சுத்தி டார்ச் அடிச்சு மயிரிழை விரிசல் பாருங்க, நாணயத்தால சுத்தி லேசா தட்டிட்டே வாங்க, டிங் டிங்னு வந்த சத்தம் ஒரு எடத்துல பொத்துனு மாறினா உள்ள அடுக்கு விட்டிருக்கும். ரிம் பிரேக்னா பிரேக் சுவர் உப்பியிருக்கான்னு ஸ்கேலை நேரா வச்சுப் பாருங்க. கடைசியா ஆக்சிலைக் கையில பிடிச்சு சுத்தினா பேரிங் கரகரப்பு கைக்கே தெரியும், பேரிங் போனதா இருந்தா மாத்திக்கலாம், விலையைக் கொறைச்சுக் கேளுங்க. விரிசல்னா எவ்ளோ கொறைச்சாலும் வேணாம்.